இரண்டு பேருக்குக் கொடுத்த வாக்கு

அத்தியாயம் 23

ஐந்தாவது நாள் விடிந்தபோதும் ஈரி ஏரியின் கரையில் பனிக்கட்டி உடையாமல் கிடந்தது. எமெரிக் ஹூடாக் வழக்கம்போல் ஐந்தரைக்கு எழுந்து, முகம் மழித்து, டை கட்டி, பால் விடாத காப்பி குடித்தார். எழுபத்தொன்பது வயதில் அவருக்குக் கைத்தடி தேவைப்பட்டது. அதை வீட்டுக்குள் மட்டும்தான் ஊன்றுவார். வாசலைத் தாண்டினால் முதுகு தானாக நிமிர்ந்துகொள்ளும்.

திங்கட்கிழமை அவர் போட்ட ஒரு கையெழுத்து இந்தக் குடும்பத்தை எப்படி உலுக்கியது என்று பார்த்தோம். ஆங்கர்ஸ், கையால் பந்தை எறிந்து ஆடும் அமெரிக்கக் கால்பந்து அணி, ஹூடாக் வீட்டுச் சொத்து. எமெரிக்கின் அப்பா தொடங்கியது. எமெரிக் ஐம்பது வருடம் காப்பாற்றியது. எந்த ஆட்டக்காரரை எடுப்பது, எவரை விடுவது என்று இன்று முடிவு செய்பவன் அவருடைய மகன் பிலிப். அந்தப் பிலிப்பைக் கேட்காமலே அவர் டல்சா அணியின் கார்னெல் டீஸுக்கு ஒப்பந்தம் நீட்டிவிட்டார்.

டீஸுக்கு வயது முப்பத்து நான்கு. பந்து எறிபவர்களில் அவரை மிஞ்ச நாட்டில் நாலைந்து பேர்தான் உண்டு. டல்சாவோடு அவருடைய ஒப்பந்தம் முடிந்துவிட்டது. ஆனால் டல்சா அவர்மேல் முத்திரை குத்தி வைத்திருந்தது. முத்திரை குத்திய ஆட்டக்காரரை வேறு அணி கேட்கலாம். ஆனால் பழைய அணிக்கு ஐந்து நாள் அவகாசம் உண்டு. அதற்குள் அதே சம்பளத்தைத் தாங்களும் தருவதாக எழுதி ஈடு கொடுத்துவிட்டால் ஆள் அங்கேயே இருப்பார். எழுதாவிட்டால் ஆள் புதிய அணிக்குப் போவார். அதற்குப் பதிலாகப் புதிய அணி இந்த வருடமும் அடுத்த வருடமும் டிராஃப்டில் தனக்குள்ள முதல் வாய்ப்பைப் பழைய அணிக்குத் தாரை வார்க்க வேண்டும்.

டிராஃப்ட் என்பது கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசை வைத்து எடுக்கும் நாள். போன பருவத்தில் அதிகம் தோற்றவர்களுக்கு முன்வரிசை. பதினேழு ஆட்டத்தில் இரண்டே இரண்டு ஜெயித்த ஆங்கர்ஸுக்கு இரண்டாவது இடம் கிடைத்திருந்தது. அந்த இடத்துக்காகத்தான் பிலிப் ஒரு வருடமாக நாற்பத்தொரு கல்லூரிகளுக்கு அலைந்திருந்தான்.

கெடு இன்று, வெள்ளிக்கிழமை மாலை நாலு மணி.

எமெரிக்குக் கையெழுத்தைவிடப் பெரிய முள் வேறொன்று நெஞ்சில் இருந்தது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலை, ஹூடாக் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்த பிறகு, தேன் தடவிய மெல்லிய அப்பத்தைக் குடும்பத் தலைவர் பிட்டுக் கொடுப்பார். ஸ்லோவாக்கியாவிலிருந்து கப்பலேறி வந்தபோது கூடவே வந்த வழக்கம். அந்த அப்பத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் சொல்வது சத்தியம். இந்த வருடம் அவர் பிலிப்புக்குப் பிட்டுக் கொடுக்கும்போது சொன்னது: "டிராஃப்ட் உன்னோடது. நான் கை வைக்க மாட்டேன்."

மூன்று மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் டீஸ் ஈரிக்கு வந்து, அவருடைய சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, என்னை எங்கள் ஊரில் விற்கவும் மாட்டேனென்கிறார்கள், வைத்துக்கொள்ளவும் மாட்டேனென்கிறார்கள், உங்களுக்கு நான் வேண்டுமா என்று ஒரு பெரிய மனிதரிடம் கேட்கிற மாதிரி கேட்டார். எமெரிக் யோசிக்கவில்லை. கை நீட்டினார். ஹூடாக் வீட்டில் கை கொடுத்ததும் வாக்குத்தான்.

இரண்டு பேருக்கும் கொடுத்த வாக்கு பிழைக்க ஒரே ஒரு வழி இருந்தது. டல்சா ஈடு கொடுக்க வேண்டும். அப்போது டீஸிடம் சொன்னதைச் செய்ததாகவும் ஆகும், மகனுடைய இடமும் மகனிடமே இருக்கும். தான் கேட்ட ஆள் தனக்குக் கிடைக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டே எமெரிக் காரில் ஏறினார்.

அலுவலகத்தில் பிலிப் ஏற்கெனவே வந்திருந்தான். அவனுடைய அறையின் ஒரு சுவர் முழுக்கப் பலகை. பலகை முழுக்க ஆட்டக்காரர்களின் பெயர் எழுதிய அட்டைகள். மேல் வரிசையில் முதல் அட்டை ஜோனா ப்ரெக்கி. வடக்கு டகோட்டாவில் ஒரு சின்னக் கல்லூரியில் பந்து எறிபவன். அவனைப் பார்க்க பிலிப் ஆறு தடவை பனியில் வண்டி ஓட்டிக்கொண்டு போயிருந்தான்.

திங்கட்கிழமையிலிருந்து அப்பாவும் மகனும் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று எமெரிக் அறைக்குள் போய் நின்றார். உட்காரச் சொல்வான் என்று எதிர்பார்த்தார். சொல்லவில்லை.

"உங்க தாத்தா எப்படி ஜெயிச்சார்னு உனக்குத் தெரியும்" என்றார் எமெரிக். "மத்தவங்க கழிச்சு விட்ட பதினோரு பேர். வயசாச்சு, முட்டி போச்சுன்னு அனுப்பின ஆளுங்க. அவங்களை வச்சுத்தான் இந்த ஊருக்குன்னு இருக்கற அந்த ஒரு கோப்பை வந்துச்சு."

"தெரியும் அப்பா. தாத்தாவுக்கு அப்ப வேற வழி இல்ல. கல்லூரியில போய் ஆள் பாக்க ரயில் டிக்கெட்டுக்கே காசில்ல. இல்லாம செஞ்சதை நாம கொள்கையாக்கிட்டோம்."

பிலிப் குரலை உயர்த்தவில்லை. அதுதான் அவரை அதிகம் சுட்டது.

"டீஸ் நல்ல ஆட்டக்காரர். இன்னும் ரெண்டு வருஷம் எறிவார். எறிஞ்சா பிடிக்க யாரு இருக்காங்க நம்மகிட்ட? அவர் மேல வந்து விழறவனைத் தடுக்க முன்னாடி நிக்கறது யாரு? அந்த ஆளுங்களை வளர்த்து எடுக்கற இடத்தையே கொடுத்துட்டு, கூரையை மட்டும் வாங்கியிருக்கீங்க."

எமெரிக்கிடம் பதில் இருந்தது. போன டிசம்பரில் கடைசி ஆட்டத்தன்று சொந்த ஊர்க்காரர்கள் அவமானத்தில் தலையில் காகிதப் பையைக் கவிழ்த்துக்கொண்டு வந்து உட்கார்ந்ததை அவர் மேலே கண்ணாடி அறையிலிருந்து பார்த்தார். இன்னும் மூன்று வருடம் பொறுங்கள், பையன்கள் வளர்வார்கள் என்று அந்தப் பைகளிடம் யார் போய்ச் சொல்வது?

"கவலைப்படாதீங்க" என்றான் பிலிப். "டல்சா ஈடு கொடுக்கும். அவங்ககிட்ட வேற எறியறவன் கிடையாது. என்கிட்ட நீங்க ஒண்ணும் செய்ய வேணாம். நாலு மணி வரைக்கும் சும்மா இருங்க. அது போதும்."

சும்மா இருப்பது எமெரிக் ஹூடாக்குக்கு ஒருநாளும் வராத வேலை.

தவக்காலத்து வெள்ளிக்கிழமை என்பதால் மதியம் மாதாகோவில் கூடத்தில் பொரித்த மீன். அவர் தவறாமல் போவார்; இன்று போகாவிட்டால் ஒளிந்துகொண்டார் என்று பேச்சு வரும். வரிசையில் தட்டோடு நின்றார். வார்ப்பு ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்ந்த மிலோ கொவாலிக்தான் மீன் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"நாலு மணிக்கு யாரு வர்றாங்க ஹூடாக்? கிழவனா, குழந்தையா?"

"மீனைப் போடு மிலோ."

"கிழவன்னா எனக்குச் சம்மதம். குழந்தை வளர்றதுக்குள்ள நான் போய்ச் சேர்ந்திருப்பேன்." அவர் இன்னொரு துண்டை வைத்தார். "உன் மகன்கிட்ட சொல்லு. எனக்குத் திட்டமெல்லாம் வேணாம். ஒரு ஞாயித்துக்கிழமை போதும்."

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். எமெரிக் மூன்று துண்டையும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார். ருசி தெரியவில்லை.

இரண்டரை மணிக்கு மகள் ரெஜினா அவருடைய அறைக்கு வந்து கதவைச் சாத்தினாள். அணியின் ஒப்பந்தங்களையும் சட்ட விஷயங்களையும் பார்ப்பவள் அவள். அப்பாவின் நிமிர்ந்த முதுகு பிலிப்புக்கு வராமல் இவளுக்கு வந்திருந்தது.

டல்சா முதலாளியின் மருமகன் வானொலியில் பேசினாராம். டீஸுக்குக் கேட்கிற சம்பளம் அதிகம், இரண்டு முதல் வாய்ப்பு கிடைத்தால் எங்களுக்குக் கசக்குமா என்று சொன்னாராம்.

"அவன் வாய்ச்சவடால்" என்றார் எமெரிக்.

"இருக்கலாம்." ரெஜினா உட்காரவில்லை. "இன்னொண்ணு சொல்லணும். பிலிப் உங்ககிட்ட சொல்ல மாட்டான். மேற்கே ஒரு அணி அவனைக் கூப்பிட்டிருக்கு. இந்த இடம் போச்சுன்னா அவன் இங்க இருக்க மாட்டான். பொண்டாட்டிகிட்ட சொல்லிட்டான். வீட்டை விக்கறதைப் பத்திக்கூடப் பேசியாச்சு."

"ஹூடாக் வீட்டு ஆள் இன்னொருத்தன் அணிக்கு வேலை பாக்கறதா?"

"உங்க பையன்கிட்ட நீங்க சத்தியம் பண்ணிக் கொடுத்தீங்க அப்பா. நானும் அந்த மேஜையிலதான் இருந்தேன்."

அவள் போன பிறகு எமெரிக் கொஞ்ச நேரம் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். தேன் தடவிய அப்பத்தைப் பிட்ட கை. டீஸுக்கு நீட்டிய கையும் அதுதான்.

டல்சாவின் முதலாளி உட்ரோ கான்ட்லியை அவருக்கு நாற்பத்தாறு வருடமாகத் தெரியும். உட்ரோவின் மனைவியின் சவப்பெட்டிக்குத் தோள் கொடுத்த ஆறு பேரில் எமெரிக் ஒருவர். ஆனால் கெடு நாட்களில் இரண்டு அணிக்காரர்களும் ஈடு கொடுப்பதைப் பற்றி ஒரு சொல் பேசக்கூடாது என்பது எல்லா அணிகளும் சேர்ந்த அமைப்பான லீகின் விதி. முதலாளிகள் கூடிப் பேசி ஓர் ஆட்டக்காரனின் பிழைப்பை முடக்கக்கூடாது என்று வந்த விதி. பதினாறு வருடத்துக்கு முன் கூட்டத்தில் எழுந்து நின்று அதை முன்மொழிந்தவர் எமெரிக் ஹூடாக்.

உட்ரோவுக்கு ஜனவரியில் இடுப்பு அறுவை சிகிச்சை. நான் இன்னும் விசாரிக்கவில்லை என்று எமெரிக் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மூன்று பத்துக்குத் தொலைபேசியை எடுத்தார்.

இடுப்பு எப்படி என்று கேட்டார். பழையதைக் கழற்றிப் போட்டார்கள், எனக்குள்ளே இப்போது புதிதாக இருப்பது அது ஒன்றுதான் என்று உட்ரோ உரக்கச் சிரித்தார். ஏரியில் பனி உருகியதா என்று விசாரித்தார். எமெரிக் இன்னும் இல்லை என்றார். கேட்டுவிட வேண்டியது ஒரு வாக்கியம். வாழ்நாளில் யாரிடமும் எதையும் கேட்காத வாய்க்கு அது ஒரு மூட்டை கனம் கனத்தது.

"உட்ரோ, டீஸ் உன்கிட்டயே இருக்கட்டும்."

மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அது உட்ரோ இல்லை.

"எமெரி" என்றார் உட்ரோ. "எனக்குக் காது மந்தம்னு உனக்குத் தெரியும். போனை எப்பவும் ஸ்பீக்கர்லதான் போடுவேன். எங்க வக்கீல் எதிர்ல உக்காந்திருக்கார்."

எமெரிக் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"ஈடு கொடுக்கறோம்னு எழுதின காகிதம் என் மேஜையில இருக்கு. கையெழுத்தும் போட்டாச்சு. மூணரைக்கு அனுப்பறதா இருந்தோம். என் மருமகன் ரேடியோவுல பேசினது சும்மா உங்க வயித்தைக் கலக்க."

"அப்ப அனுப்பு."

"இனிமே எப்படி அனுப்பறது? நீ கேட்டு நான் செஞ்சேன்னு ஆயிடும். டீஸோட ஆளுங்க கோர்ட்டுக்குப் போனா ரெண்டு அணியும் தொலைஞ்சுது. வக்கீல் தலையை ஆட்டறார். வேணாம்ங்கறார்." உட்ரோவின் குரல் தாழ்ந்தது. "அவர் எழுதிக்கிட்டார் எமெரி. மணி, நீ சொன்ன வார்த்தை, எல்லாம். லீகுக்குத் தெரிவிச்சுத்தான் ஆகணும்னு சொல்றார். உன் விதிதான்."

"தெரியும்."

"நாப்பத்தாறு வருஷத்துல நீ என்கிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இன்னிக்கும் கேக்காம இருந்திருக்கலாம்."

தொலைபேசியை வைத்தபோது மணி மூன்று பதினேழு.

அவர் எழுந்து பிலிப்பின் அறைக்குப் போனார். சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனார். ஆனால் ஐந்து நாளில் முதல் தடவையாகப் பிலிப் நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காருங்க அப்பா" என்றான். டல்சா அலுவலகத்தில் தெரிந்த ஒருவர் காலையிலேயே ஜாடை காட்டிவிட்டாராம், காகிதம் தயாராகிவிட்டதாம். மகனின் முகம் தெளிந்திருந்தது. அவருக்கும் ஒரு கோப்பை காப்பி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தான்.

நாற்பது நிமிடம் எமெரிக் அங்கே உட்கார்ந்திருந்தார். பிலிப் பேசிக்கொண்டே இருந்தான். ப்ரெக்கியின் அப்பா பீட்ரூட் பயிரிடுகிறாராம். பையன் பந்தை விடுவதற்கு முன் இடது தோளைத் தாழ்த்துகிறானாம், அதை ஒரு கோடையில் சரி செய்துவிடலாமாம். திங்கட்கிழமை நான் கத்தியது தப்புத்தான், டீஸை நீங்கள் மரியாதையாக நடத்தினீர்கள், அது நம் வீட்டுக்கு நல்லதுதான் என்றும் சொன்னான். எமெரிக் தலையசைத்தார். காப்பி ஆறிப்போனது.

மூன்றரை ஆயிற்று. மூன்றே முக்காலும் ஆயிற்று. பிலிப்பின் பேச்சு குறைந்தது. திரையை ஒருமுறை பார்த்தான், பிறகு அடிக்கடி பார்த்தான். கடைசி நேரத்தில் அனுப்புகிறார்கள், உட்ரோ மாமா அப்படித்தான் என்றான். இப்போது சொன்னால் ஐந்து நிமிடம் முன்னால் தெரியும், அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடத்தையாவது அவன் வைத்துக்கொள்ளட்டும் என்று எமெரிக் நினைத்தார். உண்மையில் அதுவும் காரணமில்லை. மகன் முன்னால் அவருக்கு வாய் வரவில்லை.

நாலு மணி இரண்டு நிமிடத்துக்கு லீகின் அறிவிப்பு வந்தது. டல்சா ஈடு கொடுக்கவில்லை. கார்னெல் டீஸ் ஆங்கர்ஸைச் சேர்ந்தவர். இந்த வருடத்து இரண்டாம் இடமும் அடுத்த வருடத்து முதல் வாய்ப்பும் டல்சாவுக்கு.

பிலிப் அதை இரண்டு தடவை படித்தான். நாற்பத்தெட்டு வயது மனிதன், நெற்றியைத் திரையில் சாய்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தான்.

எமெரிக்கின் சட்டைப்பையில் கைப்பேசி அதிர்ந்தது. டீஸ்தான். எடுக்காமல் இருக்க முடியாது. அவர் இனி தன் ஆள். அறை அமைதியாக இருந்ததால் மறுமுனையின் குரல் மேஜை முழுக்கக் கேட்டது.

"மிஸ்டர் ஹூடாக், என் வாழ்க்கையில நிறைய முதலாளிங்க எனக்குக் கை கொடுத்திருக்காங்க. சொன்னதைச் செஞ்சவர் நீங்க ஒருத்தர்தான். நாளைக்குக் காலையில என் பொண்டாட்டியோட அங்க இருப்பேன்."

"வாங்க" என்றார் எமெரிக்.

பிலிப் எழுந்தான். பலகையைப் பார்க்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த கோட்டை எடுத்தான்.

"கோபம் இருக்கு அப்பா. இல்லைன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு ஒத்துக்கறேன். நீங்க போன் பண்ணியிருக்கலாம். உட்ரோ மாமாகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அவர் செஞ்சிருப்பார். உங்களால அது முடியாதுன்னு எனக்குத் தெரியும். தோத்தாலும் நம்ம பேர்ல அழுக்கு இல்ல. அதோட நான் போகலாம்."

எமெரிக் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். அந்தக் கணத்தில் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம்தான். அவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, "ஆமா" என்றார்.

கதவு திறந்தது. ரெஜினா நின்றாள். கையில் அலுவலகத் தொலைபேசி. அதன் பேசும் முனையை உள்ளங்கையால் பொத்தியிருந்தாள்.

"அப்பா, நியூயார்க்லேருந்து லீக் ஆபீஸ். மூணு பத்துக்கு நீங்க டல்சாவுக்குப் பேசினீங்களாம். அதைப் பத்தி உங்ககிட்ட நேரா கேக்கணும்ங்கறாங்க."

பிலிப் ஒரு கை கோட்டுக்குள்ளும் ஒரு கை வெளியிலுமாக நின்றான். அப்பாவின் முகத்தையே பார்த்தான்.

"எந்தப் போன்?" என்றான்.